கடல் மணலில் ஒன்று, காட்டுச் சருகில் ஒன்று: குட்டிக் கணவாயையும் சலமந்தரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கொட்டாஞ்சேனை_பயோ | வெள்ளி, இரவு 9.12

உயர்தர உயிரியல் வகுப்பில் போன வாரம் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "சேர், கணவாய்க்கு முள்ளந்தண்டு இல்லை, சலமந்தருக்கு இருக்கு. அப்ப சலமந்தர்தானே கூர்ப்பில மேல?" பதில் சொல்லத் தொடங்க மணி அடித்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குச் சரியான பதில் ஒன்று கொண்டுபோக வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பெரியவற்றை விட்டுவிட்டுச் சிறியவை இரண்டை எடுத்தேன். முதலாவது, ஹவாய்த் தீவுகளின் கரையோரத்தில் வாழும் குட்டிக் கணவாய், யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ். வளர்ந்த உடலே 3 சென்ரிமீற்றர் சுற்றுத்தான், பெருவிரல் நுனியளவு. பகல் முழுக்க மணலுக்குள் புதைந்து கிடக்கும். தோலில் சுரக்கும் பசையால் மணல் துணிக்கைகளைப் போர்வை மாதிரி மேலே ஒட்டிக்கொள்ளும். இருட்டியதும் முழங்கால் ஆழக் கடலில் சின்ன இறால்களைத் தேடி வெளியே வரும்.

இரண்டாவது, வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் காடுகளில் வாழும் செம்முதுகுச் சலமந்தர், பிளெத்தடொன் சினேரியஸ். வாலோடு சேர்த்து 6 முதல் 10 சென்ரிமீற்றர். உருவம் பல்லி, தோல் தவளை. இதுவும் பகலில் உக்கிய மரக்கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் கிடந்து, இரவில் சருகுக்குள் உண்ணிகளையும் சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். இதற்கு நுரையீரல் கிடையாது. பூவும் (செவுளும்) கிடையாது. தோலாலும் வாய்க்குள் இருக்கும் மென்படலத்தாலும் மட்டும் சுவாசிக்கிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

இவை இரண்டுக்கும் பொதுவான மூதாதையைத் தேடினால் 50 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் போக வேண்டும். இருந்தும் எனக்கு ஆச்சரியமான ஓர் ஒற்றுமை. இரண்டுமே பற்றீரியாவோடு கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. கணவாயின் வயிற்றுப் பக்கத்தில் ஓர் ஒளி உறுப்பு. அதற்குள் விப்ரியோ பிஷரி என்ற ஒளிரும் பற்றீரியா. மேலிருந்து விழும் நிலா வெளிச்சத்துக்கு ஈடாகக் கீழ்ப்பக்கம் ஒளி விடுவதால், அடியில் இருந்து பார்க்கும் மீனுக்குக் கணவாயின் நிழல் தெரியாது. சலமந்தரின் தோலிலோ ஜாந்தினோபக்டீரியம் லிவிடம் என்ற பற்றீரியா. அது ஊதா நிறமான வயோலசீனைச் சுரக்கிறது. ஈரூடகவாழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற கைற்றிட் பங்கசின் வளர்ச்சியை அந்த ஊதா தடுக்கிறது.

இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் படிப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

புதுச்செட்டித்தெரு | வெள்ளி, இரவு 9.40

சேர், குறை நினைக்க வேண்டாம். இந்த ஒப்பீட்டால் என்ன பயன்? ஒன்று மொலஸ்கா, மற்றது முள்ளந்தண்டுளி. ஒன்று உப்புக் கடலில், மற்றது பனி விழும் காட்டில். வித்தியாசத்தை எழுதத் தொடங்கினால் கொப்பி நிறைந்துவிடும். நான் படித்த காலத்தில் இப்படி அட்டவணை போட்டுப் போட்டே உயிரியல் வெறுத்துப் போனது. பிள்ளைகளுக்கு ஒரு விலங்கை முழுதாகக் காட்டுங்கள், அது போதும்.

---

கொட்டாஞ்சேனை_பயோ | வெள்ளி, இரவு 10.05

அட்டவணையால் வெறுத்துப்போன பிள்ளைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அட்டவணை போடவில்லை. சொந்தக்காரர் இரண்டு பேரின் முகச்சாயல் ஒத்திருந்தால் அதில் புதினம் இல்லை. கொழும்பில் ஒருவரும் கனடாவில் ஒருவரும், எந்த உறவும் இல்லாமல், ஒரே கஷ்டத்துக்கு ஒரே வழியைக் கண்டுபிடித்தால் அந்தக் கஷ்டம் என்ன என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

இங்கே கஷ்டம் இதுதான்: மென்மையான உடம்பு, மேலே ஓடு இல்லை, செதில் இல்லை, ரோமம் இல்லை. தின்ன வருகிறவர்கள் ஏராளம். பகலில் ஒளிந்து இரவில் வெளியே வருவது ஒரு பாதி. பற்றீரியாவின் துணை மறுபாதி. இது இல்லாமல் இரண்டுமே வாழ முடியாது.

---

நுண்ணோக்கி | சனி, காலை 6.50

சேருடைய கடைசி வரியை நான் ஏற்கவில்லை. நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

குட்டிக் கணவாய் முட்டையிலிருந்து வரும்போது அந்தப் பற்றீரியா அதனிடம் இல்லை. தாய் கொடுத்து அனுப்புவதில்லை. குஞ்சு கடல்நீரிலிருந்து தானே பிடிக்க வேண்டும். அந்த நீரில் இருக்கும் பற்றீரியாக்களில் விப்ரியோ பிஷரி ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒளி உறுப்பின் வெளிப்புறத்தில் மயிர்போன்ற பிசிர்கள் நிறைந்த இரண்டு சோடிக் கிளைகள் இருக்கும். அவை நீரை உள்ளே சுழற்றும், சளி சுரக்கும். சளியில் எத்தனையோ இனங்கள் ஒட்டினாலும் கடைசியில் சிறு துவாரங்கள் வழியாக உள்ளே போய்க் குடியேறுவது விப்ரியோ பிஷரி மட்டும். இதெல்லாம் பிறந்து சில மணி நேரத்துக்குள் நடந்து முடிகிறது.

அதன் பிறகு நடப்பதுதான் என்னை இந்தத் துறைக்கே இழுத்து வந்தது. பற்றீரியா உள்ளே போன நாலைந்து நாட்களில் அந்தக் கிளைகள் கரைந்து மறைந்துவிடும். வேலை முடிந்தது, கதவைக் கழற்றியாயிற்று. அப்படிக் கழற்றச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று பற்றீரியாவின் கலச்சுவரிலிருந்து உதிரும் ஒரு சிறு துண்டு. குக்கல் இருமலில் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் உள்ள பிசிர்க் கலங்களைச் சிதைக்கும் நஞ்சும் இதே மூலக்கூறுதான்! 2004இல் இது வெளியானது. நம் பிள்ளைக்கு நோய் தருவது அந்தக் கணவாய்க் குஞ்சுக்கு வளர்ச்சி தருகிறது.

ஒளி வருவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பற்றீரியா தனியாகக் கடலில் மிதக்கும்போது ஒளிராது. நெருக்கமாகக் கூடி, ஒன்றையொன்று வேதிப்பொருளால் உணர்ந்த பிறகே ஒளிரும். இந்த 'கூட்டம் அறிதல்' இதே பற்றீரியாவில்தான் 1970இல் முதலில் விளங்கிக்கொள்ளப்பட்டது. தினமும் விடியும்போது கணவாய் தன் கூட்டத்தில் ஏறத்தாழ 95 வீதத்தை வெளியே தள்ளிவிடும். மிஞ்சிய 5 வீதம் பகலில் பெருகி, இருட்டுவதற்குள் உறுப்பு மறுபடி நிறைந்துவிடும்.

இனி சேருக்கு என் மறுப்பு. ஒன்று, பற்றீரியா இல்லாமலும் குட்டிக் கணவாயை ஆய்வுகூடத் தொட்டியில் வளர்க்க முடியும். ஒளி இருக்காது, உறுப்பு முதிராது, உயிர் இருக்கும். கடலில் அது எத்தனை இரவு தாக்குப்பிடிக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டு, சலமந்தரின் தோல் ஒரு சந்தை. பல இனப் பற்றீரியாக்கள் வந்து போகும். ஜாந்தினோபக்டீரியம் மண்ணிலும் நீரிலும் சுயமாக வாழ்வது. ஒரு சலமந்தரில் இருக்கும், பக்கத்துக் கட்டைக்கு அடியில் உள்ளதில் இல்லாமலும் போகலாம். கணவாயினுடையது ஒரே துணையோடு ஆயுள் முழுக்க வாழும் வீடு. இரண்டையும் 'ஒன்றியவாழ்வு' என்ற ஒரே சொல்லால் கட்டினால் பிள்ளைகள் தவறாக விளங்கிக்கொள்வார்கள்.

---

கொட்டாஞ்சேனை_பயோ | சனி, காலை 7.30

ஏற்றுக்கொள்கிறேன். 'இல்லாமல் வாழ முடியாது' என்று எழுதியது என் அவசரம். வீடும் சந்தையும் என்ற உங்கள் உவமையைத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்லப் போகிறேன், அனுமதி தாருங்கள்.

---

பேலியகொடை_நானா | சனி, காலை 10.15

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நான் படிச்சது ஓ.எல். வரைக்கும்தான். ஆனா கணவாய் விஷயத்துல ரெண்டு வார்த்தை சொல்ல உரிமை இருக்குதுண்டு நினைக்கிறேன். மீன் சந்தை புறக்கோட்டையில இருந்த காலத்துல இருந்து வாப்பாவோட நிண்டவன், 2011ல பேலியகொடைக்கு மாறின பிறகும் அதே தொழில்.

நீங்க சொல்ற பெருவிரல் சைஸ் கணவாய் நம்ம தட்டுக்கு வாற சாமான் இல்ல. நம்மகிட்ட வாறது ஊசிக் கணவாயும் ஓட்டுக் கணவாயும். சிங்களத்துல ரெண்டுக்கும் தல்லோ. ஹோட்டல்காரங்க ஹொட் பட்டர் போடுறதுக்கு அள்ளிட்டுப் போறது இதைத்தான்.

நான் கண்ணால கண்டது: புதுசா வந்த ஊசிக் கணவாய், செத்த பிறகும் தோல்ல புள்ளி புள்ளியா நிறம் ஓடும். ஒரு இடத்துல சிவப்பு விரியும், அப்பிடியே சுருங்கும், அடுத்த இடத்துல விரியும். விரலால தட்டினா அந்த இடத்துல மட்டும் மாறும். அது நிண்டுபோனா சாமான் பழசு. வாப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அதுதான். இரவுல போட்ல வெளிச்சம் போட்டுத்தான் கணவாயைக் கூட்டுறாங்க. வெளிச்சத்துக்கு ஓடி வாற சாமான் தன்ட வயித்துலயும் வெளிச்சம் வெச்சிருக்குதுண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறேன். நம்ம ஊசிக் கணவாயிலயும் அது இருக்குதா?

---

நுண்ணோக்கி | சனி, காலை 11.02

நானா, இருக்கிறது. இந்து சமுத்திரத்தில் பெருமளவில் பிடிபடும் ஊசிக் கணவாய் இனமான யூரோட்டூத்திஸ் டுவாசெலியைக் கவனமாக வெட்டிப் பாருங்கள். மைப்பையை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக, இரண்டு சிறு ஒளி உறுப்புகள் இருக்கும். கறிக்கு வெட்டும்போது மை உடைந்துவிடுமே என்ற பதற்றத்தில் மைப்பையோடு சேர்த்து எறிந்துவிடுகிறோம்.

நீங்கள் சொன்ன நிறப்புள்ளிகள் நிறமிப் பைகள். ஒவ்வொன்றையும் சுற்றித் தசை இழைகள் இருக்கின்றன. இழுத்தால் விரியும், தளர்ந்தால் சுருங்கும். உயிர் போன பிறகும் அந்தத் தசைகளும் நரம்புகளும் சற்று நேரம் துடிக்கும். உங்கள் வாப்பாவின் பாடம் சரியானது.

இன்னொன்று. காரல் மீனின் தொண்டையைச் சுற்றியும் வளையம்போல ஓர் ஒளி உறுப்பு உண்டு. அதற்குள்ளும் ஒளிரும் பற்றீரியாதான், இனம் மட்டும் வேறு.

---

பமன்கடை_அக்கா | சனி, பின்நேரம் 4.20

காரலா! தம்பி, நான் ரெண்டு பிள்ளைப்பேற்றுக்கும் அம்மாட கையால காரல் சொதி குடிச்சுத்தான் எழும்பினனான். பால் சுரக்கும் எண்டு மூண்டு வேளையும் தருவா. அந்தச் சின்ன முள்ளு மீனுக்கை ஒரு விளக்கு எரிஞ்சதெண்டு இவ்வளவு காலமும் தெரியாமப் போச்சுது.

என்ரை மகள் பத்தாம் வகுப்பு. இந்த இழையை அவவுக்கும் வாசிச்சுக் காட்டினனான். அவ கேட்ட கேள்வி பற்றீரியாவைப் பற்றி இல்லை. "அம்மா, தாய் குடுத்து விடேல்லை எண்டா, குஞ்சு பிறக்கேக்கை தாய் எங்கை?" எண்டு கேட்டவ. எனக்குப் பதில் தெரியேல்லை. சலமந்தரின்ரை தாய் எப்பிடி? ஆருக்காவது தெரிஞ்சால் சொல்லுங்கோ.

---

ஈரமண் | சனி, இரவு 8.45

அக்கா, தங்கச்சியின் கேள்விதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. நான் தவளைப் பைத்தியம். மழை பெய்தால் டோர்ச்சும் கையுமாகத் தலவத்துகொடைப் பக்கத்து ஈரநிலங்களுக்குப் போய்விடுவேன். சலமந்தரை நேரில் கண்டதில்லை, ஆனால் வாசித்து வாசித்து அது என் வீட்டுப் பிராணி மாதிரி ஆகிவிட்டது.

கணவாய்த் தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, பவளத் துண்டு மாதிரி ஒரு கெட்டியான இடத்தில் ஒட்டி, மணலால் மூடிவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் குஞ்சு வரும். அந்தக் கணவாயின் மொத்த ஆயுளே ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. காத்திருக்க அதனிடம் காலம் இல்லை.

செம்முதுகுச் சலமந்தர் முற்றிலும் மறுபக்கம். வயதுக்கு வரவே இரண்டு வருடம் அளவில் எடுக்கும். உக்கிய கட்டைக்குள் ஒரு பொந்தைப் பார்த்து, அதன் கூரையில் திராட்சைக் குலை மாதிரி முட்டைகளைத் தொங்கவிடும். எண்ணிப் பார்த்தால் நாலிலிருந்து பதினேழு வரைக்கும்தான். பிறகு தாய் அந்தக் குலையைச் சுற்றி வளைந்து ஒன்றரை இரண்டு மாதம் படுத்திருக்கும். சாப்பாடு கிட்டத்தட்ட இல்லை. முட்டை காயாமல் ஈரம் காக்கிறது, பங்கசு பிடிக்காமல் பார்க்கிறது, தின்ன வருகிறவர்களைக் கடிக்கிறது. தாயை எடுத்துவிட்டால் அந்தக் குலை தப்புவது அரிது.

இதில் வாற்பேத்தைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே எல்லா உருமாற்றமும் முடிந்து, காலும் வாலுமாகக் குட்டிச் சலமந்தர் வெளியே வரும். குளம் தேவையில்லை, ஓடை தேவையில்லை. நுரையீரல் பற்றியும் 2022இல் ஓர் அழகான ஆய்வு வந்தது. முட்டைக்குள் இருக்கும் கருவில் நுரையீரல் அரும்பத் தொடங்குகிறதாம், பிறகு அந்தக் கலங்கள் செத்து மறைகின்றனவாம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு கைவிட்ட உறுப்பை ஒவ்வொரு கருவும் ஒருமுறை தொடங்கிப் பார்த்துவிட்டு விடுகிறது. அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இலங்கையில் சலமந்தர் இல்லை. பக்கத்தில் பார்ப்பதென்றால் டார்ஜிலிங், நேபாளம், பூட்டான் பக்கம் இமயமலை நியூட் ஒன்று இருக்கிறது. ஆனால் 'வாற்பேத்தை இல்லாத பிறப்பு' நம் வீட்டு வேலியிலேயே நடக்கிறது. இரவில் செடிக்குள் 'டிக் டிக்' என்று கேட்கும் சின்னப் பற்றைத் தவளைகள், சூடோபிலாட்டஸ் பேரினம், ஈர மண்ணில் சிறு குழி தோண்டி முட்டையிடும். குட்டித் தவளையாகவே வெளியே வரும். கொழும்பு வீட்டுத் தோட்டங்களிலும் ஓர் இனம் உண்டு. இலங்கையில் இவ்வளவு தவளை இனங்கள் இருக்கின்றன என்பதை 2002இல் மாதவ மீகஸ்கும்புரவும் ரொஹான் பெத்தியாகொடவும் கூட இருந்தவர்களும் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அழிந்துபோன இனங்களின் பட்டியலும் அந்தப் பேரினத்தில்தான் நீளம்.

தாய்க் காவலுக்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. மண்புழுவென்றும் குட்டிப் பாம்பென்றும் நினைத்து ஆட்கள் அடித்துக் கொல்லும், காலே இல்லாத இக்தியோபிஸ் என்ற ஈரூடகவாழி. தண்ணீருக்குக் கிட்ட மண்ணுக்குள் முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த சரசின் மச்சான்மார் இருவரும் பேராதனையில் இருந்துதான் இதை உலகத்துக்கு எழுதினார்கள். நான் ஒருமுறை அவிசாவளைப் பக்கம் ஒன்றைக் கண்டேன். அடிக்க மண்வெட்டி ஓங்கியவரின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

---

பமன்கடை_அக்கா | சனி, இரவு 9.30

தம்பி, வாசிச்சுப்போட்டு மகள் கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிறகு சொன்னவ, "விட்டிட்டுப் போற தாயும் மணலால மூடிப்போட்டுத்தானே போறா" எண்டு.

---

கொட்டாஞ்சேனை_பயோ | ஞாயிறு, காலை 8.10

மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் அக்கா.

இனம்பெருக்கம் என்று வந்துவிட்டதால் நான் வாசித்த ஒன்றையும் இங்கே வைக்கிறேன். கணவாய், சலமந்தர் இரண்டிலுமே ஆண் விந்தைப் பொதியாகத்தான் கொடுக்கிறது. கணவாய்க்குக் கை இருப்பதால் அதற்கென்றே மாறியமைந்த ஒரு கையால் பொதியைப் பெண்ணிடம் சேர்க்கும். சலமந்தரிடம் அந்த வசதி இல்லை. ஆண் முன்னே நடக்க, பெண் அதன் வாலின் மேல் தாடையை வைத்துக்கொண்டு பின்னாலேயே அடியெடுத்து வரும். ஆண் பொதியை நிலத்தில் வைத்துவிட்டு, பெண் சரியாக அதற்கு மேல் வரும் வரைக்கும் நடத்திச் செல்லும்.

அதற்கு முன்பு பெண் மாப்பிள்ளை பார்க்கும் விதம் இன்னும் நுட்பம். ரொபேர்ட் ஜேகரும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் செய்த ஆய்வு. ஆண் சலமந்தர் தன் எல்லையில் எச்சத்தை விட்டு வைக்கும். மூக்கிலிருந்து உதடு வரை ஓடும் நுண்ணிய பள்ளம் ஒன்று இந்தக் குடும்பம் முழுவதற்கும் உண்டு. அதை நிலத்தில் தொட்டுத் தொட்டு மணத்தை எடுப்பார்கள். பெண் அந்த எச்சத்தை நசுக்கிப் பார்க்கும். உள்ளே கறையான் மிச்சம் இருந்தால் அந்த ஆணின் பக்கம் நெருங்கும். எறும்பு மிச்சம் என்றால் ஆர்வம் குறைவு. கறையான் சத்தான சாப்பாடு, எறும்பு அப்படி இல்லை. நல்ல நிலம் யாரிடம் இருக்கிறது என்பதை இதைவிட நேராக எப்படி அறிவது?

கணவாயின் உலகம் கண்ணால் ஆனது, சலமந்தரின் உலகம் மணத்தால் ஆனது. என் வகுப்புப் பிள்ளையின் 'மேல், கீழ்' கேள்விக்கு இதற்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது.

---

நுண்ணோக்கி | ஞாயிறு, காலை 9.00

மறுபாதிக்கு இதையும் சேருங்கள் சேர். 2019இல் அந்தக் குட்டிக் கணவாயின் பரம்பரையலகுத் தொகுதி வெளியானது. மனிதனுடையதைவிட ஒன்றரை மடங்குக்கும் பெரியது. சலமந்தர்களுடையது மனிதனுடையதைவிடப் பல மடங்கு. பெரிதாக இருப்பதை வைத்து உயர்வு சொல்வதென்றால் மனிதன் மூன்றாம் இடத்தில் நிற்க வேண்டும்.

---

பேலியகொடை_நானா | ஞாயிறு, பகல் 1.20

ஒண்டு கேக்கணும். ஆராய்ச்சிக்காரங்க கணவாயை ராக்கெட்ல அனுப்பினாங்கண்டு மகன் போன்ல காட்டினான். உண்மையா?

---

நுண்ணோக்கி | ஞாயிறு, பகல் 1.55

உண்மை நானா. 2021 ஜூன் 3ஆம் திகதி, இதே இனத்தின் குஞ்சுகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போயின. புவியீர்ப்பு உணரப்படாத இடத்தில் அந்தப் பற்றீரியாவுக்கும் கணவாய்க்கும் உள்ள உறவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக.

---

பேலியகொடை_நானா | ஞாயிறு, பகல் 2.30

2021 ஜூன் மூணு. அந்தத் திகதி எனக்கு மறக்காது. முதல் நாள்தான் கொழும்புக் கடல்ல எரிஞ்ச கொள்கலன் கப்பலோட பின்பக்கம் தண்ணிக்குள்ள இறங்கினது. கரையெல்லாம் வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் மணி. மீனை ஆரும் தொடேல்ல. பாலைமீன், கணவாய் எல்லாம் பெட்டியோட கிடந்து நாறினது. உம்மா மட்டும், "நம்ம கடல் மீனை நம்மளே தள்ளி வெச்சா எப்பிடி" எண்டு ஒரு கணவாயை எடுத்துக் கறி வெச்சா.

அதே கிழமைல எங்கேயோ ஒரு இடத்துல ஒரு கணவாய்க் குஞ்சைப் பத்திரமாப் பெட்டில வெச்சு மேல அனுப்பியிருக்காங்க. என்ன சொல்றதுண்டு தெரியல்ல.

---

புதுச்செட்டித்தெரு | ஞாயிறு, மாலை 6.15

இரண்டு நாளாக வாசிக்கிறேன். பயனில்லை என்று வெள்ளிக்கிழமை எழுதியதை மீளப் பெறுகிறேன். இப்போது எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது. சலமந்தர் தோலில் பற்றீரியா இருந்து காப்பாற்றுகிறது என்றால், பிறகு ஏன் இவ்வளவு ஈரூடகவாழிகள் அழிந்தன? அந்தப் பற்றீரியாவை எடுத்து மற்றவற்றுக்குப் பூசிவிட முடியாதா?

---

ஈரமண் | ஞாயிறு, இரவு 7.40

பூசிப் பார்த்தார்கள் அண்ணா. 2009இல் வெளிவந்த ஆய்வு: கலிபோர்னியாவின் மலைத் தவளைகளுக்கு ஜாந்தினோபக்டீரியத்தைத் தோலில் ஏற்றிவிட்டு, பிறகு கைற்றிட் பங்கசைத் தொற்றவைத்தார்கள். பற்றீரியா ஏற்றிய தவளைகள் தப்பின. ஏற்றாதவற்றில் பெரும்பாலானவை செத்தன. ஆய்வுகூடத்தில் அது வெற்றி. வெளியே போனால் நுண்ணோக்கி சொன்ன 'சந்தை'ப் பிரச்சினை வந்துவிடும். ஒவ்வொரு இனத்தின் தோலும் வேறு, அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் வேறு, வெப்பம் வேறு. புதிதாக வந்த பற்றீரியா எல்லாத் தோலிலும் நின்றுபிடிப்பதில்லை.

அதற்கிடையில் சலமந்தர்களையே தின்னும் இன்னொரு பங்கசு வந்துவிட்டது. நெதர்லாந்தில் தீச் சலமந்தர்கள் கிட்டத்தட்ட முழுதாக அழிந்ததைத் தொடர்ந்து 2013இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் மூலம் ஆசியா. வளர்ப்புப் பிராணி வியாபாரத்தோடு பயணப்பட்டதாகத்தான் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அது தங்கள் காடுகளுக்குள் வந்துவிடக் கூடாது என்று 2016இல் அமெரிக்கா 201 சலமந்தர் இனங்களின் இறக்குமதியைத் தடை செய்தது.

ஏன் அவ்வளவு பயம் என்றால் இதைப் பாருங்கள். நியூ ஹாம்ஷயரில் ஹபர்ட் புரூக் என்ற காட்டில் செய்த ஆய்வு 1975இல் வெளிவந்தது. அந்தக் காட்டுச் சலமந்தர்கள் அத்தனையையும் தராசில் போட்டால், பறவைகளின் மொத்த நிறையைப்போல இரண்டு மடங்கு வரும். எலி, மூஞ்சூறு போன்ற சிறு பாலூட்டிகளின் மொத்த நிறைக்குச் சமம். அதில் மிகப் பெரிய பங்கு இந்தச் செம்முதுகினுடையது. காட்டில் நடந்து போகிறவர் கண்ணுக்கு ஒன்றுகூடப் படாது, ஆனால் சருகுக்கு அடியில் காடே அதுதான். அங்கே சருகைத் தின்று தீர்க்கும் வெளிநாட்டு மண்புழு பரவிய இடங்களில் சலமந்தரும் குறைகிறது. நமக்கு மண்புழு உழவனின் நண்பன். பனியுகம் முடிந்தபின் மண்புழுவே இல்லாமல் வளர்ந்த அந்தக் காட்டுக்கு அது கேடு.

கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்று ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஈரநிலங்களின் சருகுக்கடியில் எவ்வளவு நிறைக்குத் தவளை இருக்கும் என்று மழை இரவுகளில் நினைத்துக்கொண்டே நடப்பேன்.

---

பமன்கடை_அக்கா | செவ்வாய், இரவு 10.50

ஒரு சங்கதி சொல்ல ஓடி வந்தனான்.

ஞாயிறு பின்நேரம் வெள்ளவத்தைச் சந்தையிலை ஒரு ஊசிக் கணவாய் முழுசா வாங்கினனான். மகள்தான் எங்கையோ பார்த்திட்டுச் செய்யச் சொன்னவ. ஒரு லீற்றர் தண்ணிக்கு 30 கிராம் உப்பு. ஒரு தட்டிலை கணவாயை வைச்சு, பாதி உடம்பு வெளியிலை நிக்கிற மாதிரி உப்புத்தண்ணி விட்டு, குளிர்சாதனப் பெட்டியின்ரை கீழ்த்தட்டிலை வைச்சம். முதல் நாள் இரவு பார்த்தம், ஒண்டும் இல்லை. மகளுக்கு முகம் சுருங்கிப் போச்சுது.

இண்டைக்கு இரவு வீட்டு லைற் எல்லாத்தையும் நூத்து, யன்னலுக்கும் போர்வை போட்டு, பத்து நிமிசம் இருட்டுக்கை சும்மா இருந்தம். பிறகு தட்டை எடுத்தம். முதல்லை என்ரை கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லை. மகள் "அம்மா, அங்கை" எண்டவ. கணவாயின்ரை முதுகிலை, கையளவு இடத்திலை, நீலப் புள்ளியள். நட்சத்திரம் மாதிரி இல்லை, இன்னும் மங்கல். நேரே பார்த்தால் மறையுது, கொஞ்சம் பக்கவாட்டிலை பார்த்தால் தெரியுது. அவர் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தார். மாமி எழும்பி வந்து கும்பிட்டவ.

---

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 11.15

அக்கா, நீங்கள் கண்டது ஒளி உறுப்பின் வெளிச்சம் அல்ல. கடலில் இருந்தே தோலில் ஒட்டிவந்த ஒளிரும் பற்றீரியா, உப்பும் குளிரும் கிடைத்ததும் கூட்டமாகப் பெருகியிருக்கிறது. கூட்டம் சேர்ந்ததால்தான் இரண்டாம் நாள் தெரிந்தது. நேரே பார்த்தால் மறைவதற்குக் காரணம் நம் கண்: மங்கிய ஒளியை உணரும் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கின்றன. அந்தக் கணவாயைக் கறிக்கு எடுக்க வேண்டாம். தட்டையும் கொதிநீரால் கழுவுங்கள்.

இத்தனை வருடமாக இதை ஆய்வுகூடத் தட்டில் பார்க்கிறேன். வீட்டுக் குசினியில் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

---

கொட்டாஞ்சேனை_பயோ | புதன், காலை 5.40

வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு வீடும் சந்தையும் சொன்னேன், கறையானும் எறும்பும் சொன்னேன், மணலால் மூடிவிட்டுப் போகும் தாயைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப மேல கீழ எண்டு கேட்டது பிழைக் கேள்வியா சேர்?" என்றாள். பிழை இல்லை, அந்தக் கேள்வியால்தானே இவ்வளவும் வந்தது என்றேன்.

சனிக்கிழமை இரவு வகுப்பறை யன்னல்களை மூடிவிட்டு முப்பது பிள்ளைகளுக்கும் அக்காவுடைய நீல வெளிச்சத்தைக் காட்ட விரும்புகிறேன். நானா, கழுவாத முழுக் கணவாய் ஐந்தாறு கிடைக்குமா? வியாழன் காலை வருகிறேன்.

---

பேலியகொடை_நானா | புதன், காலை 6.05

எடுத்து வெக்கிறேன் சேர். பைப் தண்ணி படாம, தோல்ல இன்னும் நிறம் ஓடுறதாப் பார்த்துத் தனியா வெக்கிறேன். நாலரைக்கு முன்ன வாங்க. ஐஞ்சு மணி ஆனா ஹோட்டல்காரங்க வந்து எல்லாத்தையும் அள்ளிடுவாங்க. காசு வேணாம், சனிக்கிழமை என்ட மகனையும் ஒரு மூலைல உக்கார வையுங்க.